பாளையும் பொறியும்

நெய்வேலிக்கு வரும் விருந்தினர் முதலிற் பார்க்க விரும்புவது சுரங்கத்தையே. அதன் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், பெரியதொரு சக்கரத்தைத் தலையாகக் கொண்ட பொறி மண்மேட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள் பொருத்தப்பட்டிருக்கும். மிகப் பெரிய பொறிகளில் வாளி ஒன்று 1,400 லிட்டர் கொள்ளும். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணை வாரி ஓடும் பட்டையின்மேற் கொட்டுகின்றன. ஓர் ஊரே கூடி நாள்முழுதும் வெட்டினாலும் அகலாத மண் சிறிது பொழுதில் அகன்றுவிடுகிறது. இக்காட்சியைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குப் பொறி என்றால் மலைபோன்றது என்ற எண்ணமே மனத்திற் பதிந்துவிடும்.

அவ்வாறு வளர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் சென்ற மார்கழியில் என்னைக் காண வந்தார். அவர் ஓமான் நாட்டில் ஒரு பேரீச்சந் தோட்டத்திற் பல ஆண்டுகளாக வேலை செய்து வருபவர். பேச்சுக்கிடையே தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். உயர்ந்த பேரீச்சை மரத்தின் அடியில் ஒருவன் நிற்கிறான். அவன் முதுகில் ஒரு சிறு பெட்டி. கையில் மரத்தின் உச்சிவரை எட்டும் நீண்ட குழாய். குழாயின் நுனியிலிருந்து புகைபோல ஏதோ வெளிப்படுகிறது.

“ஐயா, இதுவும் ஒரு பொறிதான். நம் சுரங்கப் பொறியின் ஒரு பல்லுக்குக்கூட ஈடாகாது. ஆனாலும் இது வந்த பிறகு எங்கள் தோட்டத்தில் மரம் ஏறுவோர் தொகை பாதியாகிவிட்டது. இது நல்லதா, தீயதா என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள்தாம் சொல்ல வேண்டும்,” என்றார்.

வகுப்பில் வினாக்களைத் தொடுத்தே பழகியவன் நான். அன்று விடை கூற இயலாமல் விழித்தேன். அவர் சென்ற பிறகு பல நாள் அதனையே எண்ணினேன். கிடைத்த நூல்களைப் படித்தேன். அவருக்கு நான் கூற வேண்டியிருந்த விடையே இக்கட்டுரை.

முதலில் மரத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். நெய்வேலி பேரீச்சை விளையும் ஊர் அன்று. முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் நிலம் இது. எனினும், பனை நமக்குத் தெரியும். ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. ஆண்பனையில் பாளை வரும், நுங்கு வராது. ஏரிக்கரையில் நிற்கும் ஈச்சமரமும் அத்தகையதே. பேரீச்சை, அந்த ஈச்சமரத்தின் நெருங்கிய உறவு. ஆணில் தோன்றும் பூந்தாது பெண் பாளையைச் சென்று சேர்ந்தாலன்றிப் பழம் உண்டாவதில்லை. நம் பனந்தோப்புகளில் இதற்காக எவரும் பாடுபடுவதில்லை. ஆண்பனையும் பெண்பனையும் கலந்து நிற்பதால் காற்றும் பூச்சிகளும் அவ்வேலையைச் செய்துவிடுகின்றன.

அப்படியிருக்கப் பேரீச்சைக்கு மட்டும் மனிதனின் கை ஏன் வேண்டும்? விதையிட்டு வளர்த்தால் பேரீச்சைக் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாய் முடியும். பூக்கும்வரை எது ஆண், எது பெண் என்று அறிய முடியாது. பெண்ணாய் அமைந்தவற்றின் பழமும் தாய்மரத்தின் பழம்போல இராது. ஆதலின் உழவன் ஒரு வழி கண்டான். நல்ல பழம் தரும் பெண் மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றுகளைப் பெயர்த்து நட்டான்; அவை தாயைப் போலவே பெண்ணாகவும், தாயின் சுவையுடையனவாகவும் வளர்ந்தன. ஆண் மரம் எதற்கு? பழம் தராது, நீரை மட்டும் குடிக்கும். ஐம்பது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் என்ற அளவில் அவன் ஆண் மரங்களைக் குறைத்துவிட்டான். காற்றுக்கு இந்தப் பூந்தாது எப்படிப் போதும்? தன் ஆதாயத்துக்காக ஆண் மரங்களை அகற்றிய அன்றே, காற்றின் வேலையை மனிதன் தன் தோள்மேல் ஏற்றுக்கொண்டான்.

இதனை நான் வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பொறி வந்து இயற்கையைக் கெடுக்கிறது என்று சிலர் குறை கூறுவர். பேரீச்சந் தோட்டத்தைப் பொறுத்தவரை அக்குறை பொருந்தாது. அங்கு இயற்கையின் ஏற்பாடு மாறிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. கைக்கும் பொறிக்கும் இடையேதான் இன்றைய வழக்கு. இயற்கைக்கும் பொறிக்கும் இடையே அன்று.

கைவேலை எத்தகையது என்பதை என் மாணவர் விரித்துரைத்தார். ஆண் பாளை வெடிக்கும் பருவத்தில் அதனை வெட்டி இறக்கிப் பிளந்து, உள்ளிருக்கும் வெண்ணிறச் சரங்களைப் பிரித்தெடுக்கின்றனர். பிறகு பெண் மரத்தில் ஏறி, அப்போதுதான் வெடித்த பாளையின் சரங்களுக்கிடையே சில ஆண் சரங்களைத் தலைகீழாகச் செருகி, நாரினால் தளர்வாகக் கட்டுகின்றனர். இவ்வளவுதான் வேலை, கேட்பதற்கு எளிது. ஆனால், பேரீச்சை மட்டையின் அடியில் ஊசியினும் கூரிய நீண்ட முட்கள் உள்ளன. அவற்றை முன்னரே களைந்தாலன்றிக் கை வைக்க இயலாது. ஒரு மரத்திற் பத்துக்கும் மேற்பட்ட பாளைகள் தோன்றும். அவை ஒருங்கே வெடிப்பதில்லை. இன்று ஒன்று, நான்கு நாள் கழித்து மற்றொன்று எனப் பல வாரங்கள் வெடித்துக்கொண்டே இருக்கும். வெடித்த பெண் பாளை பூந்தாதை ஏற்கும் நிலையில் இருப்பது சில நாட்களே. ஆதலின் அதே மரத்தில் மீண்டும் மீண்டும் ஏற வேண்டும். தூவிய சில மணி நேரத்துக்குள் மழை பெய்துவிட்டாலோ மறுபடியும் ஏற வேண்டும்.

ஏறாமல் விட்டால் என்ன ஆகும்? பெண் பூ ஒவ்வொன்றிலும் மூன்று சூலகங்கள் உள்ளன. பூந்தாது சேர்ந்தால் அவற்றுள் ஒன்று பழமாகும். மற்றை இரண்டும் உதிர்ந்துவிடும். சேராவிட்டால் மூன்றும் விதையற்ற சிறு காய்களாய் நின்று, எவருக்கும் உதவாமற் போகும். குலை நிறையக் காய் இருக்கும். தின்ன ஒன்றும் இராது.

இவ்வேலையின் பழமை வியப்பூட்டுவது. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி என்னும் மன்னனின் சட்டங்கள் பொறித்த கருங்கல் தூண் ஒன்று 1901ஆம் ஆண்டிற் பாரசீகத்துச் சூசா நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. இன்று அது பாரிசு மாநகரில் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. அதன் 64ஆம் விதி என்ன சொல்கிறது? பேரீச்சந் தோட்டத்தை அதன் உரிமையாளன் மகரந்தம் சேர்க்கும்பொருட்டுத் தோட்டக்காரனிடம் ஒப்படைத்தால், விளைவில் மூன்றில் இரு பங்கை உரிமையாளனுக்குக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கைத் தோட்டக்காரன் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த விதி கடுமையானது. தோட்டக்காரன் அவ்வேலையைச் செய்யாமல் விட்டு விளைவு குறைந்தால், பக்கத்துத் தோட்டத்தின் விளைவைக் கணக்கிட்டு அதன்படி அளக்க வேண்டும்.

அசீரியரின் அரண்மனைச் சிற்பங்களிலும் இறகு முளைத்த உருவங்கள் கையில் கூம்பு ஒன்றை ஏந்தி மரத்தின் அருகே நிற்கின்றன. அவை பேரீச்சைக்கு மகரந்தம் சேர்ப்பதைக் காட்டுகின்றன என்று அறிஞர் சிலர் கூறுவர். வேறு சிலர் அதனை மறுப்பர். அவ்வழக்கு நமக்கு வேண்டா. சட்டத் தூணில் உள்ள மூன்றில் ஒரு பங்கே என் மனத்தில் தைத்தது. கைத்திறன் ஒன்றையே முதலாகக் கொண்டவனுக்கு விளைவிற் பங்கு உண்டு என்று ஒரு பழைய அரசு கல்லில் வெட்டி வைத்தது. பொறி வந்த பிறகு அந்தப் பங்கு யாருக்குச் சேரும்? என் மாணவரின் வினாவினுள் மறைந்து கிடந்த வினா இதுவே என்று பின்னரே உணர்ந்தேன்.

பூந்தாதை மரத்திலிருந்து பிரித்து, வேண்டும்போது பயன்படுத்தலாம் என்ற உண்மையே பொறிக்கு வழி திறந்தது. இதனை உலகறியக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. செருமனியின் பெர்லின் நகரத் தோட்டத்தில் ஒரு பெண் விசிறிப்பனை இருந்தது. அது நெடுங்காலம் பூத்தும் காய்க்காமல் மலடாகவே நின்றது. லைப்சிக்கு நகரில் அதே இனத்து ஆண் மரம் ஒன்று இருப்பதைத் தாவரநூல் வல்லாரான கிளெடிச்சு அறிந்தார். 1749ஆம் ஆண்டில் அதன் பூந்தாதை அங்கிருந்து வரவழைத்துப் பெண் பாளையில் தூவினார். மரம் காய்த்தது, விதையும் முளைத்தது. தாவரங்களிலும் ஆண் பெண் உண்டு என்பதை ஐயுற்றவர்கள் அன்று வாயடைத்தனர். நகரம் விட்டு நகரம் பயணம் செய்த பின்னும் பூந்தாது உயிரோடிருக்கும் என்பதும் புலனாயிற்று.

இன்றைய முறை அதன் வளர்ச்சியே. ஆண் பூக்களை நிழலில் உலர்த்திச் சலித்துப் பூந்தாதை மாவாக எடுக்கின்றனர். அதனை ஈரமின்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும். முதலில் வெடிக்கும் பெண் பாளைக்கு ஆண் பாளை கிடைக்கவில்லையே என்ற பழைய கவலை இதனால் நீங்கிற்று. இம்மாவைக் கோதுமை மாவு போன்ற ஒரு பொடியுடன் கலந்து, விசையால் ஊதி, நீண்ட குழாயின் வழியே பாளையின்மேல் தூவுகின்றனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரம் ஏற ஆள் கிடைப்பது அரிதானபோது இம்முறை பெரிதும் வளர்ந்தது. நீரிற் கலந்து தெளிப்போரும் உளர். அண்மைக் காலத்தில் ஆளில்லாச் சிறு வானூர்திகளைக் கொண்டும் வளைகுடா நாடுகளில் இதைச் செய்து பார்க்கின்றனர்.

பொறியின் முதற் சிறப்பு, ஆள் கீழே நிற்கிறான் என்பதே. வேறு நன்மைகள் ஆயிரம் சொல்லலாம். எனக்கு இஃதொன்றே போதும். பனையேறிகளின் ஊர்களை அறிந்தவர்கள், மரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்து திண்ணையிற் கிடப்பவர் எவரையேனும் பார்த்திராமல் இரார். இளமையில் நானும் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். காலில் தளைநாரும் இடுப்பிற் பாளை அரிவாளுமாய் அவர் ஏறும் அழகைக் கண்டு வியந்தோம். அவர் விழுந்த பிறகு அத்தெருவின் வழியே செல்வதையே தவிர்த்தோம். ஏறுவதன் அழகைப் போற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஏறாதவர்களே. இதை எழுதும் நானும் ஏறாதவன்தான்.

2019ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் பேரீச்சை பற்றிய அறிவையும் கைத்திறனையும் மரபுகளையும் மனித இனத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவுசெய்தது. அது நல்ல செயல். ஆயினும், ஒரு திறமை போற்றத்தக்கது என்பதனால், அத்திறமையுடையவன் தன் முதுகெலும்பைப் பணயம் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நீதியாகாது.

இதற்கு மறுப்பு உண்டு. வலிய மறுப்பும் உண்டு. மகரந்தம் சேர்க்க மரம் ஏறுபவன் மகரந்தத்தை மட்டுமா சேர்க்கிறான்? அவன் மரத்தின் தலையைப் பார்க்கிறான். குருத்து வாடியிருக்கிறதா, மட்டையின் இடுக்கில் துளை காண்கிறதா, சாறு வடிகிறதா என்று அறிகிறான். தென்னை வளர்ப்போர்க்குச் சிவப்புக் கூன்வண்டைத் தெரியும். அது மரத்தின் உட்புறத்தைக் குடைந்து தின்னும் பகை. பேரீச்சைக்கும் அதுவே கொடிய பகை. வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். கீழே நின்று குழாய் பிடிப்பவனுக்கு மரத்தின் தலை ஒரு குறி மட்டுமே. ஆண்டில் பல முறை ஏறியபோது மரத்துக்குக் கிடைத்த மருத்துவப் பார்வை, ஏறாமற் போனதும் நின்றுவிடுகிறது. கூலிக் கணக்கில் இந்த இழப்பை எவரும் எழுதுவதில்லை.

பொறி வீசும் பூந்தாதின் பெரும்பகுதி காற்றிற் கலந்து வீணாகிறது என்பது மற்றொரு குறை. கையாற் செருகிய சரம்போல ஒவ்வொரு பாளையையும் அது தவறாமல் தொடுவதில்லை. ஆதலின் சில நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பத் தூவ வேண்டும். ஆனால், இக்குறையை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. எல்லாப் பூவும் காயானால் காய்கள் சிறுத்துவிடும் என்று உழவர்களே குலையில் ஒரு பகுதியைக் களைந்தெறிவது வழக்கம். பொறி சற்றுக் குறைவாகக் காய்க்கவைத்தால், களையும் வேலை குறையும்.

எந்த ஆண் மரத்தின் பூந்தாது என்பது முதன்மையான செய்தி. 1928ஆம் ஆண்டில் சுவிங்கில் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் உண்மையை வெளியிட்டார். ஆண் மரத்தின் இயல்பு விதையை மட்டுமன்றிப் பழத்தின் பருமனையும் பழுக்கும் காலத்தையும் மாற்றுகிறது என்பதே அது. ஒரே பெண் மரத்தில் ஓர் ஆணின் பூந்தாதைச் சேர்த்த குலை முன்னும், வேறோர் ஆணின் பூந்தாதைச் சேர்த்த குலை பின்னும் பழுக்கக் காணலாம். எந்த ஆண் சிறந்தது, எந்தப் பாளை இன்று ஏற்கும் நிலையில் உள்ளது, எது நாளை வரை பொறுக்கும் என்பவற்றை அறிவது பழைய தோட்டக்காரனின் கண். பொறிக்கு ஊதத் தெரியும், பொறுக்கத் தெரியாது. பல மரங்களின் பூந்தாதை ஒன்றாய்க் கலந்து பெட்டியில் நிரப்பிவிட்டால், அந்த அறிவு ஒரு தலைமுறையில் மறைந்துபோகும்.

கைவேலை மறைந்துபோன கதை ஒன்று நம்மவர் வாழ்விலேயே உண்டு. எண்ணெய்ப்பனை மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய மரம். அது மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அங்கு அதற்கு மகரந்தம் சேர்த்துவந்த பூச்சி உடன் வரவில்லை. ஆதலின் தோட்டங்களில் ஆட்கள் பூந்தாதை ஊதும் சிறு கருவியைச் சுமந்து மரம் மரமாகச் சென்றனர். அத்தோட்டங்களின் தொழிலாளருள் தமிழர் மிகப் பலர் என்பதை நீங்கள் அறிவீர்கள். இரகுமான் சையது என்னும் பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து, அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்று கண்டறிந்தார். 1981ஆம் ஆண்டில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பகுதியில் அவ்வண்டுகள் விடப்பட்டன. அவை விரைவில் நாடெங்கும் பரவின, விளைச்சல் பெருகிற்று, தோட்டத்தாரின் செலவு குறைந்தது, கையால் ஊதும் வேலை வேண்டாததாயிற்று. பின்னர் நம் நாட்டிலும் அவ்வண்டு கொணரப்பட்டது.

இக்கதையில் எவரைக் குறை கூறுவது? வண்டையா? அதைக் கண்டறிந்தவரையா? ஒருவரையும் கூற இயலாது. வேலை மிச்சப்பட்டது நல்லதே. ஆயினும், மிச்சப்பட்ட பணம் எங்கே சென்றது என்று கேட்கலாம். ஊதுகருவியைச் சுமந்த தோள்களுக்கு அதில் ஒரு காசேனும் வந்ததா என்ற வினாவை அன்று எழுப்பியவர் எத்தனை பேர்? பூச்சி வந்தாலும் பொறி வந்தாலும் இந்த வினா ஒன்றே.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். குசராத்தின் கச்சுப் பகுதியில் முந்திரா முதலிய இடங்களில் பேரீச்சை நெடுங்காலமாகப் பயிராகிறது. மழைக்காலம் தொடங்குமுன்பே பழத்தைச் செங்காய்ப் பருவத்திற் பறித்து விற்பது அங்கு வழக்கம். 2024ஆம் ஆண்டில் அப்பழம் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்து வறண்ட நிலங்களில் உழவர் சிலர் பேரீச்சை வளர்த்துப் பழம் எடுக்கின்றனர். ஆய்வுக்கூடத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்றுகளை நடுவது இப்போது பெருகிவருகிறது. அவை பெரும்பாலும் பெண்ணே. ஆகவே மகரந்தம் சேர்த்தாலன்றிப் பழம் இல்லை.

இம்மரங்கள் இன்னும் உயரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தரையில் நின்றும், சிறிய ஏணியில் ஏறியும் கையாலேயே வேலையை முடித்துவிடலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அவை உயர்ந்து நிற்கும். அன்று உழவன் ஆள் தேடுவான். பனையேறுவோரே அருகிவரும் நாட்டில், முள்ளடர்ந்த பேரீச்சையில் ஏற யார் வருவார்? கட்டாயம் பொறி வரும். மரம் குட்டையாய் இருக்கும் இந்நாளிலேயே அப்பொறி எவ்வகையில் வர வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது தக்கது. உயர்ந்த பிறகு எண்ண நேரம் இராது. விற்பவன் சொல்வதே விதியாகிவிடும்.

கையால் மகரந்தம் சேர்க்கும் கலையில் நாம் புதியவர்களும் அல்லேம். பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள வேப்பங்குளத்துத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் நெட்டையையும் குட்டையையும் கலந்து புதிய தென்னைகளை உண்டாக்கியிருக்கின்றனர். அதற்கு மரத்தின்மேல் ஏறி, பாளையின் ஆண் பூக்களை ஒன்றுவிடாமல் களைந்து, பெண் பூவில் வேறு மரத்தின் பூந்தாதைச் சேர்க்க வேண்டும். நெய்வேலிக்கு அண்மையிலேயே விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்தில் முந்திரியில் ஒட்டு வகைகளைக் கண்டனர். முந்திரிப் பூவின் சிறுமையை நீங்கள் அறிவீர்கள். அதனைப் பிரித்து மகரந்தம் சேர்ப்பதற்குப் பொற்கொல்லனின் பொறுமை வேண்டும்.

நெய்வேலியின் வரலாறு இதற்கு ஒரு பாடம் தருகிறது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நேரு பெருமகனார் இங்குச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி முதன்முதலில் வெளிப்பட்டது 1961ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில். இடைப்பட்ட நான்கு ஆண்டும் மண்ணோடும் நீரோடும் போராட்டம். வாளிச் சக்கரப் பொறிகள் செருமனியிலிருந்து வந்தவை. இங்குள்ள கடலூர் மணற்பாறையின் கடினத்தில் அவற்றின் பற்கள் விரைவில் தேய்ந்தன. பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்திய பிறகே பொறியை ஓட்டுவது என்று முறையை மாற்ற வேண்டியதாயிற்று. நிலக்கரிக்குக் கீழே பேரழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவுபகல் இடையறாது இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரையே பொங்கி உடைந்துவிடும். ஆகவே, அயல்நாட்டுப் பொறி இந்நிலத்துக்கு வந்து, இந்நிலத்தை அறிந்தவர்களிடம் பாடம் கேட்டது. கேட்ட பிறகே அது வேலை செய்தது. அமெரிக்கப் பாலைக்கு அமைந்த ஊதுபொறியும் தருமபுரியின் காற்றையும் பனியையும் கோடை மழையையும் அறிந்த உழவனிடம் அவ்வாறே பாடம் கேட்க வேண்டும்.

இந்நகரின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு; அதை மறைத்து எழுதுதல் தகாது. சுரங்கத்துக்காகப் பல ஊர்கள் தம் நிலத்தை விட்டுப் பெயர்ந்தன. அந்நிலத்தின் கரியால் எரிந்த விளக்குகள் நாடெங்கும் ஒளிவிட்டன. நிலத்தைத் தந்தவர்களுக்குரிய விலையும் வேலையும் போதுமானவையா என்ற வழக்கு இன்றளவும் ஓயவில்லை. பொறி நிலத்தைத் தோண்டுவதில் வல்லது. பங்கு பிரிப்பது அதன் வேலை அன்று. அது மனிதர் தமக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு.

ஆதலின் என் மாணவருக்கு நான் எழுதிய மடலிற் பொறி வரட்டும் என்றே எழுதினேன். ஆனால், அதை முதலிற் பிடிக்க வேண்டிய கை, நேற்றுவரை மரம் ஏறிய கையாக இருக்க வேண்டும். பாளையின் பருவம் அறிந்தவனிடம் குழாயைக் கொடுத்தால் பூந்தாது வீணாகாது. அறியாத இளைஞனை அமர்த்தி, அறிந்த முதியவனை அனுப்பிவிட்டால் தோட்டக்காரனே பிற்பாடு வருந்துவான். ஆண்டுக்கு ஒருமுறையேனும், இடுப்பில் உறுதியான பாதுகாப்புக் கயிற்றோடு, நோய் காண்பதற்கென்றே மரத்தின்மேல் ஒருவன் ஏற வேண்டும். அந்த நாளின் கூலியைப் பொறியால் மிச்சமான பணத்திலிருந்து தர வேண்டும். நம் நாட்டிற் சிறு உழவர்கள் தனித்தனியே பொறி வாங்கிக் கடன்படுவதைவிட, ஊர்க் கூட்டுறவுச் சங்கம் ஒரு பொறியையும் நல்ல ஆண் மரங்களின் பூந்தாதையும் வைத்திருந்து, மரம் ஏறத் தெரிந்தவர்களைக் கொண்டே அதனை நடத்தலாம். மூன்றில் ஒரு பங்கு என்பது இன்று மிகையாகத் தோன்றலாம். தினக்கூலிக்கு மேல் விளைவிலும் சிறிது பங்கு அவர்களுக்கு உண்டென்று எழுதிவைத்தால், பாளையைப் பார்க்கும் கண்கள் தாமே கூர்மை பெறும்.

மடல் கிடைத்ததும் அவர் தொலைபேசியில் அழைத்தார். மறுநாள் பயணம் என்றார்.

“தம்பி, உங்கள் தோட்டத்தில் அந்தக் குழாயை இப்போது பிடிப்பவர் யார்?” என்று கேட்டேன்.

“நான்தான் ஐயா. எனக்கு மரம் ஏறக் கற்றுக்கொடுத்த முதியவரைச் சென்ற ஆண்டே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எந்தப் பாளைக்கு எந்த ஆண் என்று ஐயம் வந்தால், அவரைத் தொலைபேசியில்தான் கேட்டுக்கொள்கிறேன்.”

“அதற்கு அவருக்கு ஏதாவது கொடுக்கிறார்களா?”

சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. “இல்லை ஐயா. நான்தான் ஆண்டுதோறும் ஒரு பெட்டிப் பழம் அனுப்புகிறேன்,” என்றார். பின்பு, தைத் திங்களில் ஆண் பாளை வெடிக்கத் தொடங்கிவிடும், அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி விடைபெற்றார்.